மூன்றாவது கறுப்பு வயர்

அத்தியாயம் 6

அந்த வீட்டுக்குள் வாயைத் திறக்கக்கூடாது என்று வக்கீலம்மா படியேறும்போதே சொல்லிவிட்டார். பேசித்தான் ஆகவேண்டும் என்றால் குழாய் ரிப்பேருக்கு வந்தவன் பேசுவதை மட்டும் பேச வேண்டும். மற்றதெல்லாம் காகிதத்தில். என்னைப் போன்ற ஓட்டை வாயனுக்கு இது ஜெயில் தண்டனை என்றேன்.

"ஜெயில்ல பேசலாம்," என்றார் அவர்.

வக்கீலம்மா கோர்ட்டை விட்டு எட்டு வருடம் ஆகிறது. கறுப்புக் கோட்டைக் கழற்றினாரே தவிர குறுக்கு விசாரணையைக் கழற்றவில்லை. போலீசுக்குப் போகப் பயப்படுகிறவர்கள் அவரிடம் வருவார்கள். நான் அவருடைய ஆள். அதற்கு முன் கேபிள் டி.வி. கம்பெனியில் கம்பம் ஏறினேன். உயரமும் ஒல்லியுமாக இருப்பதால் ஒட்டடை என்று பெயர் வந்தது. எனக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது.

எங்கள் கட்சிக்காரர் ஒரு நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் பதினான்கு வருட சர்வீஸ். அறுந்து தொங்கும் விரலைப் பார்த்துக்கொண்டே டீ குடிக்கக்கூடியவர். மூன்றாம் மாடியில் அவர் எங்களுக்குக் கதவைத் திறந்தபோது தாழ்ப்பாள் இரண்டு முறை கை நழுவியது.

பயத்தின் காரணம் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தது. அவருடைய தங்கை. புருஷன் இரும்புக் குழாயால் அடித்ததில் தாடை உடைந்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டியிருந்தார்கள். ஆறு வாரத்துக்கு வாயைத் திறக்க முடியாது. "ம்" என்ற ஒற்றை ஓசைதான் அவளுடைய மொத்தப் பேச்சும். மடியில் ஐந்து வயது மகள், குட்டி. புருஷன் இவர்களை இரண்டு முறை தேடிப் பிடித்திருக்கிறான். முதல் முறை கை போனது. இரண்டாம் முறை தாடை. மூன்றாம் முறை என்ன போகும் என்று அந்த வீட்டில் யாரும் கணக்குப் போடவில்லை. எல்லோருக்கும் விடை தெரியும்.

மூன்று வாரமாக இருவரும் இங்கே ஒளிந்திருக்கிறார்கள். பத்து நாளாகக் கதவுக்கு அடியில் சீட்டுகள் வருகின்றன. யார் கை என்று தெரியாதபடி ஸ்கேல் வைத்து இழுத்த எழுத்து. முதல் சீட்டு, 'குட்டிக்கு இருமல் விட்டதா?' இரண்டாவது, 'ஜன்னலுக்குத் தடித்த துணி போடலாம் என்பது நல்ல யோசனை.' மூன்றாவது நேற்றுக் காலை வந்தது. 'இங்கே இனிமேல் பாதுகாப்பு இல்லை.' இருமலும் ஜன்னல் துணியும் அக்கா தங்கை இருவருக்குள், சமையலறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு பேசியவை. பேசியது அக்கா, கேட்டது தங்கை.

இன்று நாலு மணிக்கு இருவரையும் வேறு இடத்துக்கு மாற்ற நர்ஸ் ஏற்பாடு செய்திருந்தார். எந்த இடம் என்று எங்களிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கும் ஒருவர் வந்து கூட்டிப்போவார் என்பதோடு நிறுத்திக்கொண்டார். அதற்குள் இந்த வீட்டை ஒட்டுக்கேட்கும் காது எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் கிளப்பிவிட்டால் புருஷனுக்கு நாமே வழிகாட்டி அனுப்பியதாகும். அப்போது மணி ஒன்றரை.

செல்போன்களை முந்தின நாளே ஆள் வைத்துப் பார்த்துவிட்டோம். சுத்தம். அதனால் வக்கீலம்மா சுவரைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். நர்ஸோ தீர்ப்பே எழுதிவிட்டார். பதினோரு நாளுக்கு முன்னால் டி.வி. பெட்டி மாற்ற ஒரு கேபிள்காரன் வந்து அரை மணி நேரம் சமையலறையில் இருந்தானாம். மறுநாள் முதல் சீட்டு. அவன்தான்.

காலையில் அவனைப் போய்ப் பார்த்தோம். என்னோடு கம்பம் ஏறியவர்களின் வாரிசு. கேள்வி கேட்டதும் வியர்த்துக் கொட்டினான். பயம்தான் அத்தாட்சி என்றால் ஊரில் முதலில் என்னைத்தான் உள்ளே போட வேண்டும்.

மொட்டை மாடிக்குப் போனோம். அங்கே பேசலாம். வக்கீலம்மா தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றுகொண்டு, சமையலறைச் சுவரின் மேல் விளிம்பில் இருந்த ஓட்டையைக் காட்டினார். மூன்று கறுப்பு வயர்கள் அதற்குள் இறங்கின.

"வீட்டுல ஒரு டி.வி. வராந்தாவுல ஒரு கேமரா. ரெண்டு பொருளுக்கு எதுக்கு மூணு வயர்?"

நான் மண்டியிட்டுப் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரு தாய் பிள்ளைகள். கிட்டத்தில் வேறு வேறு. எல்லாமே உருண்டை கேபிள்தான். நடுவில் செம்பு, அதைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு மாதிரி பிளாஸ்டிக், அதன் மேல் பின்னல் வலை, கடைசியில் கறுப்புத் தோல். தடித்தது ஆர்.ஜி. ஆறு என்ற ரகம். டி.வி.க்காரனின் சோறு அதுதான். தெருவில் கம்பத்துக்குக் கம்பம் போகும் சுண்டு விரல் மொத்தத்து ஆர்.ஜி. பதினொன்றிலிருந்து பிரிந்து வீட்டுக்குள் வருவது எப்போதும் இந்த ஆறுதான். இரண்டாவது கொஞ்சம் மெலிந்த ஆர்.ஜி. ஐம்பத்தொன்பது. கேமராக்காரன் பழைய பழக்கத்தில் இழுக்கும் வயர். இரண்டின் தோலிலும் வெள்ளை எழுத்தில் பெயர் அச்சாகியிருந்தது.

மூன்றாவதில் எழுத்து இல்லை. யாரோ பெட்ரோல் துணியால் அதன் முழு நீளத்துக்கும் துடைத்திருந்தார்கள்.

"பேரை அழிச்சிருக்கான் மேடம். வயருக்கே தலைமறைவு வாழ்க்கை."

வெட்டிப் பார் என்றார். வெட்டினால் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு உடனே தெரிந்துவிடும் என்றேன். வயரை விரலால் தொட்டிருந்தேன். அதன் மறுமுனையில் ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பு அப்போதுதான் உறைத்தது. சூடான பாத்திரத்தைத் தொட்டவன் போல் கையை எடுத்துக்கொண்டேன்.

அந்த வயர் மேல்நோக்கிப் போய், பழைய டி.வி. ஆன்டெனாக்களுக்கு நடுவில் ஒரு குச்சியில் முடிந்தது. முழ நீளக் குச்சி. தெரியாதவன் பார்த்தால் இடிதாங்கி என்பான். அடியில் குப்பையோடு குப்பையாக ஒரு விரல் நீளத் துண்டு கிடந்தது. முனையைச் சமன் செய்யும்போது நறுக்கிப் போட்டது. பேரை அழித்தவன் குப்பையை மறந்துவிட்டான்.

தோலை உரித்தேன். நடுவில் ஒற்றைக் கம்பி இல்லை. முடி முடியாகப் பத்தொன்பது இழை முறுக்கியிருந்தது.

"ஐம்பத்தெட்டு," என்றேன்.

வக்கீலம்மாவுக்கு எண்கள் பிடிக்காது. மனுஷ பாஷையில் சொல்லச் சொன்னார். சொன்னேன். வயரின் மின்தடையை ஓம் கணக்கில் அளப்பார்கள். டி.வி., கேமரா இரண்டும் எழுபத்தைந்து ஓம் குடும்பம். வீட்டுக்குள் படத்தைக் கொண்டுவருவது மட்டும் அந்த வயர்களின் வேலை. வயர்லெஸ் செட், வாக்கி டாக்கி, எல்லாம் ஐம்பது ஓம் குடும்பம். அவை பேசும். ஒரு குடும்பத்து வயர் இன்னொரு குடும்பத்துக்குச் சரிப்படாது. வயர் முனையில் டி.வி.க்காரன் மாட்டும் திருகு மூடிக்கு நடுக்கம்பியே ஆணியாக நிற்க வேண்டும், அதனால் அவனுக்கு விறைப்பான ஒற்றைக் கம்பிதான் வேண்டும். இந்த முறுக்கு இழை அதில் நிற்காது. குச்சியின் அடியிலும் திருகு மூடி இல்லை, அமுக்கித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் மூடி இருந்தது. கேபிள்காரன் பையில் ஐம்பத்தெட்டைத் தேடுவது முடி வெட்டும் கடையில் ஊசி மருந்தைத் தேடுவது மாதிரி. கேமராக்காரனிடமும் இருக்காது.

"அப்ப இது உள்ள வர்ற வயர் இல்ல."

"இல்ல மேடம். வெளிய பேசுற வயர். வீட்டுக்குள்ள ஒரு பொட்டி இருக்கு. அது கேட்டதை இந்தக் குச்சி ஊருக்கெல்லாம் ஓதுது. ரெண்டு மூணு கிலோமீட்டர் போகும்."

அவர் குச்சியை அண்ணாந்து பார்த்தார். பிறகு வேறு ஏதாவது விசித்திரமாக இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. எனக்கு முதலிலேயே கண்ணை உறுத்தியது, ஆனால் என்ன என்று பிடிபடவில்லை. மற்ற இரண்டு வயர்களும் ஓட்டைக்குள் நுழைவதற்கு முன் ஒரு சாண் கீழே தொங்கி, வளைந்து, திரும்ப மேலேறி நுழைந்தன. கம்பம் ஏறும் எவனும் முதல் நாளில் கற்றுக்கொள்வது அது. மழைத்தண்ணீர் வயரோடு வழிந்து வந்து அந்த வளைவில் சொட்டிவிடும், வீட்டுக்குள் போகாது. மூன்றாவது வயர் நேராக, அழகாக, சரிவாக ஓட்டைக்குள் இறங்கியது. கைத்தொழில் சுத்தம். சாணுக்கு ஒரு இடத்தில் துணி டேப் சுற்றி, ஆடாமல் அசையாமல் பண்ணியிருந்தான். ஆனால் மழைக்கு வாசல் திறந்து வைத்திருந்தான்.

"தெரியாத ஆளா?"

"கை தெரிஞ்ச ஆளு. மழைதான் தெரியாத ஆளு. கூரைக்குக் கீழயே வேலை பாக்கறவன்." துணி டேப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதை வேறு எங்கே பார்த்திருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. "வண்டிக்குள்ள வயர் இழுக்கறவன் மேடம். வண்டி குலுங்கும், அதான் முறுக்கு இழை. வயர் கடகடன்னு அடிக்கும், அதான் துணி டேப். வண்டிக்குள்ள மழை பெய்யாது."

மூன்று நாளுக்கு முன்னால் மழை பெய்திருந்தது. தண்ணீர் போன வழியிலேயே போனால் பெட்டியைப் பிடித்துவிடலாம்.

கீழே சமையலறையில், பரணின் வலது மூலையில், சுவர் ஈரம் உறிஞ்சிப் பழுப்பு நாக்குப் போல் இறங்கியிருந்தது. நான் குழாயைத் திறந்துவிட்டு, வாஷர் தேய்ந்துபோச்சும்மா என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஸ்டூலில் ஏறினேன். பழைய பெட்டி படுக்கைகளுக்குப் பின்னால் சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ஓரத்தில் மிளகளவு மைக். சிவப்பு விளக்கு ஒன்று, என்னைப் பார்த்துக் கண் சிமிட்டாமல் எரிந்துகொண்டிருந்தது.

என் மூச்சு அதற்குக் கேட்கும். மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினேன். இறங்கிய பிறகுதான் ஸ்டூல் கிறீச்சிட்டது.

மேஜையில் காகிதம் போட்டு உட்கார்ந்தோம். நர்ஸ் ஆஸ்பத்திரிக் காய்ச்சல் அட்டைகளின் பின்பக்கத்தைத் தந்தார். நான் பார்த்ததை எழுதினேன். டி.வி.க்காரன் இல்லை, கேமராக்காரன் இல்லை, என்று எழுதியதும் நர்ஸ் என்னை நம்பாமல் பார்த்தார். உரித்த துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன். வக்கீலம்மா பேனாவை வாங்கிக்கொண்டார். அவருடைய எழுத்து நோட்டீஸ் மாதிரி நெட்டுக்குத்தாக இருக்கும்.

'உன் தங்கச்சி புருஷன் இதுக்கு முன்னால என்னைக்காவது சீட்டு எழுதினானா?'

நர்ஸ் தலையசைத்து மறுத்தார். கதவை உடைத்துக்கொண்டு வந்தான், அவ்வளவுதான்.

'விலாசம் தெரிஞ்சவன் ஏன் பத்து நாள் எழுதிக்கிட்டிருக்கான்? மிரட்டறவன் நான் வரேன்னு எழுதுவான். நீ போன்னு எவனாவது எழுதுவானா? நீங்க இங்கேருந்து கிளம்பணும்னு ஆசைப்படறவன் எழுதின சீட்டு இது. புருஷனுக்கு இந்த விலாசமே தெரியாது.'

அடுத்த வரியை என்னை எழுதச் சொன்னார். எழுதினேன். 'வண்டிகளுக்கு வயர்லெஸ் செட் மாட்டறவங்க யாராவது தெரியுமா?'

நர்ஸின் பேனா காகிதத்தில் நின்றது. மை ஊறிப் பொட்டாகிப் பெரிதானது. அவர் பெயர் எதையும் எழுதவில்லை. 'இல்லை' என்று எழுதினார். அதன் கீழே இன்னொரு முறை 'இல்லை'. மூன்றாவது முறை எழுதும்போது முனை காகிதத்தைக் கிழித்தது.

பிறகு எல்லாம் வந்தது. ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ்களுக்கு வயர்லெஸ் செட் மாட்டி, பழுது பார்த்து, ஆள் குறைந்தால் வண்டியும் ஓட்டுகிற மெக்கானிக். எல்லா நர்ஸ்களுக்கும் அவர் அண்ணா. தாடை உடைந்த அன்று தங்கையை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தது அவர். மெத்தையைச் சுமந்து வந்து பரணில் பெட்டிகளை அடுக்கிக் கொடுத்தது அவர். நர்ஸ் டியூட்டியில் இருக்கும்போது மருந்து கொண்டுவந்து தருவதும் அவர்தான். தங்கை மாத்திரையில் தூங்கிக்கொண்டிருப்பாள், எழுப்ப வேண்டாம் என்று ஒரு சாவியை அவரிடம் கொடுத்திருந்தார். நாலு மணிக்கு வரப்போவதும் அவரேதான். ஊருக்கு வெளியே அவருடைய அம்மா இருந்த வீடு காலியாக இருக்கிறதாம். அக்கம்பக்கம் யாரும் இல்லை, தொந்தரவே இருக்காது என்றாராம்.

நான் ஒரு ஜோக் எழுத நினைத்துப் பேனாவை எடுத்தேன். திரும்ப மூடி வைத்துவிட்டேன்.

வக்கீலம்மாவுக்கு ஊகம் போதாது. பரீட்சை வைத்தார். அவர் எழுதிக் கொடுத்ததை நர்ஸ் பரணைப் பார்த்துச் சாதாரணக் குரலில் படித்தார். அண்ணாவுக்கு எதற்குச் சிரமம், மூன்று மணிக்கே பஸ் ஸ்டாண்ட் போய் எங்காவது போய்விடலாம், அண்ணாவிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று. தங்கை கட்டிலிலிருந்து "ம்" என்றாள்.

நாலு நிமிடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம். ஐந்தாவது நிமிடம் நர்ஸின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"சிஸ்டர், சாப்பிட்டீங்களா? எனக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சுபோச்சு. பத்து நிமிஷத்துல கீழ இருப்பேன். யாரும் வெளிய கால் வைக்காதீங்க. பஸ் ஸ்டாண்ட் பக்கமெல்லாம் இன்னைக்கு சரியில்லைன்னு சொல்றாங்க."

குரலில் துளி விஷம் இல்லை. அக்கறையான, களைத்த, அண்ணன் குரல். பஸ் ஸ்டாண்ட் என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை.

நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு, "சரிங்கண்ணா. துணியெல்லாம் எடுத்து வைக்கணும், ஒரு இருபது நிமிஷம்," என்றார்.

"அவசரமே இல்ல சிஸ்டர். நான் இங்கதான் இருக்கப் போறேன்."

போனை வைத்ததும் வக்கீலம்மா கட்டிலருகே போய்விட்டார். பின்பக்க இரும்புச் சுருள்படி, சந்து, அங்கே ஒரு ஆட்டோ, நேராகப் போலீஸ் ஸ்டேஷன். பதினைந்து நிமிடம் ஆகும். அதுவரை மெக்கானிக் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கேட்பதற்கு இங்கே வீடு நடந்துகொண்டிருக்க வேண்டும். பெட்டி ஊமையானால் அவர் படியேறி வருவார், சாவியோடு.

தங்கை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். குட்டியின் வாயை அவள் பொத்தவே இல்லை. அந்தக் குழந்தைக்குச் சத்தம் போடாமல் இருக்க யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சுருள்படியில் மூன்று பேர் இறங்குவதை நான் பின் ஜன்னல் துணி விலக்கிப் பார்த்தேன். முன்பக்க ஜன்னலுக்கு வந்தபோது கீழே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. சைரன் இல்லை. டிரைவர் சீட்டில் இருந்தவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருக்கையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்தார், பாட்டுக் கேட்க உட்காருகிறவர் மாதிரி.

நர்ஸ் ஆரம்பித்தார். யாரும் இல்லாத சமையலறையில், இல்லாத தங்கையிடம். இந்த நீலப் புடவையை எடுத்துக்கோ. அந்த மருந்தை மேலே வை, தேட வேண்டாம். குட்டி தூங்கட்டும், கடைசியில் தூக்கிக்கொள்ளலாம்.

பிறகு என்னைப் பார்த்தார். அவர் கண்ணைப் பார்த்ததும் புரிந்தது. பதில் வேண்டும்.

பல்லைக் கடித்துக்கொண்டு, மூக்கு வழியாக, "ம்" என்றேன்.

வாழ்நாள் முழுக்கப் பேச்சுக்காக வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அன்றைக்கு ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு உயிரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பாத்திரம் கழுவினேன். பீரோவைத் திறந்து மூடினேன். கட்டிலில் உட்கார்ந்து எழுந்தேன். "ம்." குரல் தடித்துவிட்டதோ என்று ஒவ்வொரு முறையும் கீழே எட்டிப் பார்த்தேன். ஹெட்போன் அசையாமல் இருக்கும். நர்ஸ் அதற்குள் தங்கையைத் திட்டவும் ஆரம்பித்திருந்தார். அன்றைக்கே என்னிடம் வந்திருக்கலாம் இல்லையா, கை உடைந்த அன்றைக்கே. ஏன் சொல்லவில்லை. எத்தனை தடவை கேட்டேன். அது நடிப்பில்லை என்று எனக்குத் தோன்றியது. அதற்கும் "ம்," என்றேன்.

பத்தாவது நிமிடம் அவருக்குப் பேச்சு தீர்ந்தது. நான் ஒரு தட்டைத் தரையில் போட்டேன். போடாதேம்மா, நான் எடுத்துக்கிறேன் என்று அதிலிருந்து மறுபடி பிடித்துக்கொண்டார். கீழே ஒரு கை ஹெட்போனைச் சரிசெய்தது.

பதினாறாவது நிமிடம் என் போன் பையில் அதிர்ந்தது. வக்கீலம்மாவின் செய்தி. 'ஸ்டேஷனுக்குள்ள வந்துட்டோம். ரெண்டு பேர் அங்க கிளம்பிட்டாங்க.'

நர்ஸிடம் காட்டினேன். அவர் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். போலீஸ் வரும்வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் சைகை செய்தேன். முடியாது என்று தலையாட்டினார். உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை.

சமையலறை வாயை மூடிக்கொண்டது. குழாய் மட்டும் ஓடியது.

கீழே ஆம்புலன்ஸின் கதவு திறந்தது. திரும்ப மூடும் சத்தம் கேட்கவில்லை. படியில் காலடி. ஓடிவரவில்லை. நிதானமாக, ஒவ்வொரு படியாக, மூன்று மாடி. நான் வயர் வெட்டும் கட்டரைக் கையில் எடுத்துக்கொண்டேன். அதை வைத்து என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. இரண்டாவது தாழ்ப்பாளையும் போட்டேன். நர்ஸ் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

சாவி துவாரத்தில் நுழைந்தது. திரும்பியது. கதவு ஒரு விரல் அளவு அசைந்து தாழ்ப்பாளில் இடித்து நின்றது.

"சிஸ்டர்," என்றது அண்ணனின் குரல். "ஏன் சத்தமே இல்ல?"

ஒளிக்கவேண்டும் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. கேட்பது தன் உரிமை என்பது போல் கேட்டார். கதவின் மரம் மெல்ல அதிர்ந்தது, நெற்றியை அதில் சாய்த்திருக்க வேண்டும்.

"தங்கச்சிக்கு ஒண்ணும் ஆகலயே? திறங்க சிஸ்டர். எனக்கு பயமா இருக்கு."

நர்ஸ் கதவைப் பார்த்தபடி முதுகை நிமிர்த்தினார். அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த பெண்ணின் தொண்டையிலிருந்து வேறு ஒரு குரல் வந்தது. அவசரப் பிரிவின் வாசலில், ரத்தம் படிந்த சட்டையோடு உள்ளே தள்ளிக்கொண்டு வரும் சொந்தக்காரர்களிடம் பதினான்கு வருடமாகப் பேசிய குரல். உயரவும் இல்லை, தாழவும் இல்லை.

"வெளிய உக்காருங்க. கூப்பிடுவாங்க."

ஒரு நீண்ட மூச்சு. சாவி துவாரத்திலிருந்து வெளியே வந்தது. செருப்பு பின்வாங்கியது. படியில் ஒரு உடம்பு மெதுவாக இறங்கி அமர்வது கேட்டது.

ஒன்பது நிமிடம். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்களும் அவருக்குக் கேட்டிருப்போம்.

போலீஸ்காரர்கள் இருவரும் ஏறி வந்தபோது அவர் மேல்படியில் முழங்காலில் கைவைத்து உட்கார்ந்திருந்தாராம். கழுத்தில் ஹெட்போன். எழுந்திரு என்றதும் எழுந்துகொண்டார். தள்ளவில்லை, திமிரவில்லை. அவர்களைத் தாண்டி மூடிய கதவைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். அது உள்ளே எங்கள் காதிலும் விழுந்தது.

"பேஷன்ட் எப்படி இருக்காங்க?"

நர்ஸ் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை.